மனச்சோர்வுக்குக் கருவிகள்: எது மருத்துவமனையில், எது வீட்டில்

இந்த அத்தியாயத்துக்கு வருகிறவர்களில் ஒரு சாரார், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் மனம் தெளியாமல், டாக்டரே "டி.எம்.எஸ். பார்க்கலாமா?" என்று கேட்ட பிறகு வருகிறவர்கள். இன்னொரு சாரார், மாத்திரை என்றாலே தயங்கி, ராத்திரி தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது தலையில் மாட்டும் ஒரு கருவியின் விளம்பரத்தில் கண் நிலைகுத்தி, வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள். முதல் சாராருக்கு என் பதில்: தாராளமாகப் போய்ப் பாருங்கள். இரண்டாம் சாராருக்கு: அந்தப் பணத்தைக் கொஞ்ச நாள் பையிலேயே வைத்திருங்கள். அதைவிடக் குறைந்த செலவில், சில சமயம் செலவே இல்லாமல், செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது.

அதற்கு முன் ஒரு வார்த்தை. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்து வந்து போகிறது என்றால், கருவிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்க இது நேரமில்லை. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். இலங்கையில் 1926. பேசிவிட்டு, டாக்டரையும் பார்த்த பிறகு இந்தப் பக்கத்துக்கு வாருங்கள்.

விளம்பரங்கள் ஒன்றாகச் சேர்த்து விற்கும் இந்தக் கருவிகள் உண்மையில் இரண்டு வேறு குடும்பங்கள். ஒரு குடும்பம் மூளைக்குள் எதையாவது அனுப்புகிறது, காந்தப் புலத்தையோ மின்னோட்டத்தையோ. இதைத் தூண்டல் என்கிறோம்; டி.எம்.எஸ். இந்த வகை. இன்னொரு குடும்பம் எதையும் அனுப்புவதில்லை. இதயம் எப்படித் துடிக்கிறது, விரல் எவ்வளவு சூடாக இருக்கிறது, நெற்றித் தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளந்து திரையில் காட்டும். மாற்ற வேண்டியது நீங்கள். இதுதான் பயோஃபீட்பேக். முதல் குடும்பத்தில் தவறு நேர்ந்தால் தோல் புண்ணில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். இரண்டாவதில் பெரும்பாலும் நஷ்டமாவது காசும் நேரமும்தான். எந்தக் கருவியை யார் நீட்டினாலும், "இது அனுப்புகிறதா, காட்டுகிறதா?" என்று முதலில் கேளுங்கள். அனுப்புகிற கருவி டாக்டர் கையில் இருக்கட்டும். காட்டுகிற கருவியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

டி.எம்.எஸ். நாற்காலியில் என்ன நடக்கும்?

தலைக்கு மின்சாரம் என்றதும் நமக்கு நினைவு வருவது சினிமாவில் பார்த்த 'ஷாக்' காட்சி. அது ஈ.சி.டி. 1938-ல் ரோம் நகரில் உகோ செர்லெட்டியும் லூச்சியோ பினியும் தொடங்கியது. சினிமாக்காரர்கள் அதன் பெயரைக் கெடுத்தாலும், சாப்பாடு தண்ணீர் மறுத்துக் கிடக்கும் அளவுக்கு முற்றிய மனச்சோர்வில் இன்றும் உயிரைக் காப்பாற்றுவது அதுதான். இப்போது மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே செய்கிறார்கள். அவை இல்லாமல் செய்வதை இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடுத்திருக்கிறது. ஈ.சி.டி.யின் நோக்கமே கட்டுப்பாட்டுக்குள் ஒரு வலிப்பை வரவழைப்பது. டி.எம்.எஸ்.ஸில் வலிப்பு வரவே கூடாது. மயக்க மருந்தும் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து, விழித்தபடியே, பேசிக்கொண்டே செய்துகொள்ளும் சிகிச்சை இது.

இதன் அடிப்படை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மாறும் காந்தப் புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ல் காட்டினார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரும் கூட்டாளிகளும் 1985-ல் அந்தக் கடத்தியாக மனித மூளையையே எடுத்துக்கொண்டார்கள். கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்துக் கணநேரம் மின்சாரம் பாய்ச்சினால், காந்தப் புலம் மண்டையோட்டை வலியில்லாமல் கடந்து, மூளையின் மேற்பரப்பில் ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் நரம்பணுக்களைத் துடிக்கவைக்கிறது. மனச்சோர்வுக்காக அமெரிக்காவில் இதற்கு முதல் அனுமதி 2008-ல் கிடைத்தது.

முதல் நாள்தான் நேரம் எடுக்கும். தோடு, ஜிமிக்கி, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தலையில் துணித் தொப்பி ஒன்றை மாட்டி, மூக்கின் மேலிருந்து பிடரி வரை, ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரை டேப் வைத்து அளந்து புள்ளி குறிப்பார்கள். பிறகு சுருளை இடப்பக்க உச்சிக்கு அருகில் வைத்து 'டக், டக்' என்று ஒவ்வொரு துடிப்பாகக் கொடுத்துக்கொண்டே உங்கள் வலது கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "கட்டைவிரல் தானா ஆடுதா, சொல்லுங்க." நீங்கள் அசைக்காமலே விரல் துள்ளும். விரலை ஆட்ட எவ்வளவு குறைந்த சக்தி போதுமோ, அதுதான் உங்கள் அளவு. சிகிச்சைக்கு வழக்கமாக அதைப்போல 120 சதவீதம் வைப்பார்கள். ஒருவருக்குச் சரியான சக்தி இன்னொருவருக்கு அதிகம், ஆபத்தும்கூட. இந்த விரல் சோதனையைச் செய்யாமல் நேராகச் சிகிச்சையைத் தொடங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அளவு கிடைத்ததும் சுருளை முன்பக்கம் நகர்த்தி, இடது நெற்றிக்கு மேலே உள்ள பகுதியில் வைப்பார்கள். முடிவெடுத்தல், கவனம், உணர்ச்சியை அடக்கி ஆளுதல் ஆகியவற்றில் பங்குள்ள பகுதி அது. பழைய முறையில் நொடிக்கு 10 துடிப்பு வீதம் 4 நொடி, பிறகு 26 நொடி ஓய்வு, இப்படியே 3,000 துடிப்புகள். மொத்தம் முப்பத்தேழரை நிமிடம். தீட்டா பர்ஸ்ட் என்ற புதிய முறையில் 600 துடிப்புகளை மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். கனடாவில் 414 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2018-ல் வெளிவந்த ஆய்வு, சின்னது பெரியதற்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. ஆகவே, "உங்களிடம் எந்த முறை?" என்று கேளுங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாலு முதல் ஆறு வாரம் போக வேண்டிய சிகிச்சை இது. எழுந்து பல் தேய்க்கவே தெம்பில்லாத ஒருவருக்கு, தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் முக்கால் மணிநேரம் உட்கார்வதும் மூன்று நிமிடம் உட்கார்வதும் ஒன்றல்ல. துணைக்கு யார் வருவார், அலுவலகத்தில் என்ன சொல்லி விடுப்பு கேட்பது என்பதையெல்லாம் தொடங்கும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். பாதியில் நிற்பதற்குப் பல சமயம் காரணம் பக்கவிளைவு அல்ல, போக்குவரத்து.

உணர்வு எப்படி? மண்டையில் யாரோ நகத்தால் விடாமல் சுண்டுவதுபோல இருக்கும். சத்தம் அதிகம், காதடைப்பான் கட்டாயம், அவர்கள் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். கண்ணிமையோ தாடையோ கூடவே துடிக்கலாம். தலைவலியும் தோல் வலியும் முதல் வாரத்தில் சகஜம், பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். பயப்பட வேண்டிய ஒரே பெரிய விளைவு வலிப்பு. அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்த வேண்டுமானால் டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது. முன்பு வலிப்பு வந்ததுண்டா, தலையில் அடிபட்டதுண்டா, என்னென்ன மாத்திரை (புப்ரோபியான், க்ளோசபின் போன்றவை வலிப்பு வாய்ப்பைக் கூட்டும்), குடிப்பீர்களா, குடியைத் திடீரென்று நிறுத்தினீர்களா, நேற்று ராத்திரி தூங்கினீர்களா. இந்தக் கடைசிக் கேள்வியைத் தினமும் கேட்கிற இடம் நல்ல இடம். காதுக்குள் காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் உலோகக் கிளிப் இருப்பவர்களுக்கு இது கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் இதய டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பல்லில் அடைத்த சிமெண்டுக்குப் பயப்பட வேண்டாம்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: குணமாகுமா? எண்களைச் சொல்கிறேன், ஆனால் எந்த எண் எதற்கு என்று பாருங்கள். மாத்திரை கேட்காத 190 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் சுமார் 14 சதவீதம் பேர் நோய் நீங்கி எழுந்தார்கள். பொய்த் தூண்டல் (கருவியை வைத்தும் உண்மையில் தூண்டாதது) பெற்றவர்களில் 5 சதவீதம். வித்தியாசம் உண்மை, ஆனால் அற்புதம் அல்ல. மாறாக, சாதாரண மருத்துவமனைகளில் மாத்திரையோடு சேர்த்துச் செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்த 2012-ஆம் ஆண்டுக் கணக்கில் பாதிக்கு மேற்பட்டோர் தேறினார்கள், மூன்றில் ஒருவருக்கு மேல் நோய் நீங்கியது. அங்கே ஒப்பிட ஒரு பொய்த் தூண்டல் குழு இல்லை என்பதை மறக்காதீர்கள். துண்டுப்பிரசுரத்தில் அச்சாவது எப்போதும் இந்த இரண்டாவது எண்தான். ஸ்டான்ஃபோர்டில் தினமும் பத்து முறை வீதம் ஐந்தே நாளில் முடிக்கும் முறை ஒன்றை உருவாக்கி, 2022-ல் அமெரிக்க அனுமதியும் வாங்கினார்கள். ஐந்தில் நாலு பேருக்குக் குணம் என்று செய்தி பரவியது. அந்த எண்ணைத் தந்த ஒப்பீட்டு ஆய்வில் இருந்தவர்கள் 29 பேர். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனாலும் நகையை அடகு வைத்து அதைத் தேடி ஊர் ஊராக ஓட வேண்டாம்.

தேறத் தொடங்கினாலும் அது ஒரே நாளில் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தூக்கமோ பசியோ முதலில் சரியாகும், பல சமயம் அதை முதலில் கவனிப்பது வீட்டில் இருப்பவர்கள். சிகிச்சை முடிந்ததும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பணத்தைப் பொறுத்தவரை, மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் மருத்துவமனையில் படுக்காமல் வந்து போகும் சிகிச்சை என்ற காரணம் காட்டி மறுக்க இடமிருக்கிறது. ஆகவே காப்பீட்டு நிறுவனத்திடம் முதல் நாளே எழுத்தில் பதில் வாங்குங்கள்.

உடலுக்குள் பொருத்தும் கருவிகளும் உண்டு. கழுத்து நரம்பில் பொருத்துவதற்கு அமெரிக்காவில் 2005-ல் அனுமதி தந்தார்கள். மூளைக்குள்ளேயே மின்கம்பி வைப்பதை டொரன்டோவில் ஹெலன் மேபெர்க் குழுவினர் ஆறு நோயாளிகளிடம் செய்து அதே ஆண்டில் எழுதினார்கள். வேறு எதுவும் கேட்காத மிகச் சிலருக்கானவை அவை. இந்தப் புத்தகத்தின் எல்லைக்கு வெளியே.

இரண்டு பஞ்சும் ஒரு பேட்டரியும்

விளம்பரத்தில் வரும் தலைப்பட்டை பெரும்பாலும் டி.டி.சி.எஸ். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளை நெற்றிக்கு மேல் வைத்து, இடையே 1 அல்லது 2 மில்லிஆம்பியர் மின்சாரத்தை இருபது முப்பது நிமிடம் ஓடவிடுவது. இது டி.எம்.எஸ். மாதிரி நரம்பணுவைத் துடிக்கவைப்பதில்லை. துடிக்கும் தயார்நிலையைச் சற்றுக் கூட்டும் அல்லது குறைக்கும். 2000-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கனில் மைக்கேல் நிட்ஷேயும் வால்டர் பவுலஸும் இதைக் காட்டியதிலிருந்து உலகெங்கும் ஆசை பிறந்தது. மலிவு, எளிது, வீட்டிலேயே செய்யலாம். அதுதான் அதன் கவர்ச்சி, அதுவே தொல்லையும்.

சோதனை முடிவுகள் ஒரு பக்கமாகச் சாயவில்லை. பிரேசிலில் 245 பேரை வைத்து 2017-ல் வெளிவந்த ஆய்வில், பஞ்சு மின்சாரம் பொய்ச் சிகிச்சையைவிட மேல், ஆனால் எஸ்சிட்டலோபிராம் மாத்திரைக்கு ஈடு என்று நிறுவ முடியவில்லை. மின்சாரம் பெற்றவர்களில் இருவருக்கு மேனியா (மனம் அளவுமீறிக் கிளர்ந்தெழும் நிலை) புதிதாக வந்தது. 2023-ல் ஜெர்மனியிலிருந்து வந்த 160 பேர் ஆய்வில், மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தபோது பொய்யும் மெய்யும் ஒன்றாகவே நின்றன. 2024-ல் வீட்டிலேயே செய்துகொண்டவர்களைப் பற்றி இரண்டு ஆய்வுகள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 174 பேரிடம் நடந்ததில் பத்து வாரத்தில் 45 சதவீதம் பேருக்கு நோய் நீங்கியது, பொய்க் குழுவில் 22. பிரேசிலில் நடந்த மற்றதில் வித்தியாசமே இல்லை. இப்படிப்பட்ட ஒன்றை டாக்டர் ஒருவர் யோசித்து, உங்களுக்கு ஏற்றதென்று எழுதிக் கொடுத்தால் செய்துகொள்ளலாம். தானாக வாங்கி மாட்டிக்கொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

காரணம் பயமுறுத்தல் அல்ல. பஞ்சு காய்ந்தால் மின்சாரம் ஓரிடத்தில் குவிந்து தோல் வெந்துபோகும். நெற்றியில் காசு அளவுக் கறுப்புத் தழும்போடு நிற்பவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத விலையும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் 2013-ல் செய்த ஒரு சோதனையில், தலையின் ஓரிடத்தில் மின்சாரம் கொடுத்தால் புதிய எண்களைக் கற்பது வேகமானது, ஆனால் கற்றதை யோசிக்காமல் பயன்படுத்தும் திறன் குறைந்தது. வேறோர் இடத்தில் கொடுத்தபோது நேர்மாறு. ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று இறங்கலாம். இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, வீட்டில் தாமே செய்துகொள்பவர்களுக்கு இத்துறை ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு திறந்த கடிதமே எழுதினார்கள். இருமுனை மனநிலைக் கோளாறு உங்களுக்கோ, அப்பா அம்மா கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்தால், எந்தத் தூண்டலுக்கும் முன்னால் அதைச் சொல்லியாக வேண்டும். சோர்விலிருந்து தூக்கிவிடும் கருவி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமலும் போகலாம்.

மூச்சும் துடிப்பும்

இப்போது காட்டுகிற கருவிகள். எல்லாவற்றிலும் நான் முதலில் சொல்வது ஹெச்.ஆர்.வி. எனப்படும் இதயத்துடிப்பு மாறுபாட்டுப் பயிற்சி. இதற்குக் கருவி வாங்கும் முன் உங்கள் மணிக்கட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். இடது கை மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், வலது கையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள்: நாடி நெருங்கி ஓடும். மெதுவாக விடுங்கள்: இடைவெளி நீளும். வயது கூடக் கூட இந்த ஏற்ற இறக்கம் குறையும், ஆகவே ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு விரலில் பிடிபடாமல் போகலாம், கருவியில் தெரியும்.

இந்த ஏற்ற இறக்கத்தை மிகப் பெரிதாக்கும் ஒரு மூச்சு வேகம் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது நிமிடத்துக்கு ஆறு மூச்சை ஒட்டியது, நாலரையிலிருந்து ஆறரைக்குள். ரத்த அழுத்தத்தைச் சமன் செய்ய உடலுக்குள் இயங்கும் அனிச்சைச் செயல் சுமார் பத்து நொடிக்கு ஒரு சுற்று வரும். மூச்சும் அதே பத்து நொடியில் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று உந்தி வலுக்கின்றன. இதைக் கண்டு சொன்னவர் ரஷ்யாவின் எவ்கேனி வஷிலோ. அமெரிக்காவில் பால் லேரருடன் சேர்ந்து பயிற்சி முறையாக ஆக்கினார்.

நம்மூர்க்காரர்களுக்கு உடனே தோன்றும்: இது பிராணாயாமம்தானே? பாதி சரி. இத்தாலியில் லூச்சியானோ பெர்னார்டி 2001-ல் அளந்து பார்த்தபோது, ஜெபமாலை சொல்பவர்களும் மந்திரம் சொல்பவர்களும் தெரியாமலே நிமிடத்துக்கு ஆறு மூச்சுக்கு இறங்கியிருந்தார்கள். கருவி கூடுதலாகத் தருவது, உங்களுடைய சரியான வேகம் எது, நீங்கள் அதில் இருக்கிறீர்களா என்ற உடனடிப் பதில். அந்தப் பதில் கைக்குப் பழகியதும் கருவியை மேஜை டிராயரில் போட்டுவிடலாம். சந்தா கட்டச் சொல்லும் நிறுவனங்களுக்கு இது பிடிக்காது.

எந்தக் கருவி? மார்பில் கட்டும் பட்டைதான் நம்பகம். தோலில் படும் பகுதியைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் கோடு தாறுமாறாக ஓடும். காதுமடலில் மாட்டும் கிளிப் அடுத்தது. போன் கேமராவில் விரலை வைத்து அளக்கும் ஆப் தொடங்குவதற்குப் போதும், ஆனால் விரல் குளிர்ந்திருந்தாலோ அசைந்தாலோ ஏமாற்றும். விரல் நுனியில் அடர்த்தியாக மருதாணி இருந்தால் வேறு விரலை வையுங்கள். கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ராத்திரிச் சராசரி இந்தப் பயிற்சிக்கு உதவாது. ஒவ்வொரு துடிப்பும் அப்போதைக்கப்போது திரையில் கோடாக ஓடினால்தான் கற்க முடியும்.

ஒரு நாள் வேகத்தைக் கண்டுபிடிப்பதற்கென்று ஒதுக்குங்கள். சாப்பிட்டு இரண்டு மணிநேரமாவது ஆகியிருக்கட்டும். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி உட்காருங்கள். நிமிடத்துக்கு ஆறரை மூச்சில் தொடங்கி, ஆறு, ஐந்தரை, ஐந்து, நாலரை என்று ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம். நடுவில் ஒரு நிமிடம் சாதாரண மூச்சு. வேகத்தைக் காட்ட ஏறி இறங்கும் கோடு வரையும் இலவச ஆப்கள் ஏராளம். ஒவ்வொரு வேகத்திலும் துடிப்பு எண் எதிலிருந்து எதுவரை ஊசலாடுகிறது என்று குறியுங்கள். ஆறரையில் 68-க்கும் 76-க்கும் நடுவில் ஆடியது, ஐந்தரையில் 64-க்கும் 81-க்கும் நடுவில் மழமழவென்று அலையாக ஆடுகிறது என்றால், ஐந்தரைதான் உங்களுடையது. இத்தனைக்கும் பொறுமை இல்லையென்றால் ஒரு பாவமும் இல்லை: நாலு நொடி இழுத்து, ஆறு நொடி விடுங்கள். பெரும்பாலோருக்கு அதுவே பக்கத்தில் வந்துவிடும்.

ஆரம்பத்தில் பலரும் தடுமாறுவது ஒரே இடத்தில். மெதுவாக என்று சொன்னால் ஆழமாக என்று எடுத்துக்கொண்டு நெஞ்சு நிறைய இழுக்கிறார்கள். இரண்டே நிமிடத்தில் தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிட்டது என்று அர்த்தம். பயந்து நிறுத்த வேண்டாம்; வேகத்தை மாற்றாமல் அளவைக் குறையுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தம் கேட்காத அளவு மூச்சு போதும். மூக்கால் இழுங்கள், விடும்போது மூக்காலோ குவித்த உதட்டாலோ விடுங்கள். வயிறு எழுந்து அடங்கட்டும், தோள் ஏற வேண்டாம்.

லேரரின் முறை தினமும் இருமுறை, இருபது இருபது நிமிடம். சோர்வில் கிடப்பவரிடம் இதைச் சொன்னால் முதல் நாளே தோற்றுவிட்டதாக நினைப்பார். காலையில் காபி போடத் தண்ணீர் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் என்று தொடங்குங்கள். ஒரு வாரம் பிசகாமல் நடந்தால் பத்து நிமிடம். இருபது எட்டாவிட்டாலும் பரவாயில்லை. நாள் தவறுவதுதான் கெடுதல்.

பலன் எவ்வளவு? 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுக் கணக்கில் பதற்றமும் மன அழுத்தமும் நன்றாகவே குறைந்தன. மனச்சோர்வுக்கு 14 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வந்த கணக்கில் பலன் நடுத்தரம். அதாவது, மாத்திரைக்கும் பேச்சு சிகிச்சைக்கும் துணை, பதிலி அல்ல. சோர்வோடு படபடப்பும் தூக்கமின்மையும் சேர்ந்து வருகிறவர்களுக்கு இதனால் கிடைக்கும் நிம்மதி அதிகம். வெறுமையும் மந்தமும் மட்டும் உள்ளவர்களுக்கு, இருபது நிமிடம் கண்மூடி உட்கார்வதைவிட இருபது நிமிடம் வெளியே நடப்பதை முதலில் சொல்வேன்.

திரையில் வரும் மதிப்பெண்ணைத் துரத்தாதீர்கள். வயது, காய்ச்சல், முந்தின ராத்திரிக் குடி, தூக்கக் குறைவு எல்லாமே அதை ஆட்டிவைக்கும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மனச்சோர்வு மாத்திரைகள் அதை இறக்கிவிடும். மாத்திரையால் மனம் தேறிக்கொண்டிருக்க, எண் மட்டும் கீழே போனதைப் பார்த்துப் பதறி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ப்ரொப்ரனலால் சாப்பிடுகிறவர்கள், பேஸ்மேக்கர் உள்ளவர்கள், இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் இந்த எண்ணை நம்பிப் பயனில்லை. நெஞ்சு படபடத்தால் உயிர் போய்விடுமோ என்று அஞ்சும் பேனிக் நோய் உள்ளவர்கள் துடிப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் பயம் கூடலாம். அவர்கள் திரையைத் திருப்பி வைத்துவிட்டு மூச்சை மட்டும் எண்ணட்டும், அல்லது இதயத்தை விட்டுவிட்டு விரலுக்கு வரட்டும்.

விரல் சூடு என்பது பழைய, மலிவான பயோஃபீட்பேக். பதற்றத்தில் விரல் நுனி ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கை சில்லிடும். தளர்ந்தால் விரிந்து சூடேறும். அமெரிக்காவின் டொபீகாவில் மென்னிங்கர் நிலையத்தில் எல்மர் கிரீன் இதை வளர்த்தெடுத்தார், இமயத்திலிருந்து போன சுவாமி ராமா 1970-ல் தன் உள்ளங்கைச் சூட்டை விருப்பப்படி மாற்றிக் காட்டியதும் அங்கேதான். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, அது 32 டிகிரிக்குக் கீழே காட்டாது. கம்பி நுனியில் உணரி உள்ள சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை விரலின் உள்பக்கம் காகித டேப்பால் ஒட்டி, 35 டிகிரியை நோக்கிப் பத்து நிமிடம் கையைக் கனமாக, தளர்வாக விடுங்கள். சென்னையின் மே மாதத்தில் மத்தியான வேளையில் இதைச் செய்து பயனில்லை, எல்லோர் விரலும் அப்படியேதான் இருக்கும். ஏ.சி. அறையிலோ மார்கழி விடியலிலோ செய்யுங்கள், மின்விசிறிக் காற்று கையில் படாமல்.

மூளை அலையைக் காட்டும் நியூரோஃபீட்பேக் பற்றிக் கேட்பீர்கள். தலையில் உணரிகளை ஒட்டி, மூளை அலை ஒருவிதமாக இருந்தால் திரையில் கார் ஓடும், இல்லையென்றால் நிற்கும். இருபது, நாற்பது அமர்வுகள் என்று மொத்தமாகப் பணம் கட்டச் சொல்வார்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் தூக்கமின்மை உள்ளவர்களுக்கு உண்மை நியூரோஃபீட்பேக்கும் பொய்யும் கொடுத்து ஒப்பிட்டபோது இரு குழுவும் ஒரே அளவுதான் தேறின. மனச்சோர்வுக்கு நான் என் பணத்தை இதில் போட மாட்டேன். போவதாக முடிவு செய்துவிட்டால் இரண்டு விஷயம்: அமர்வுக்கு ஒவ்வொன்றாகப் பணம் கட்டுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்காமல், ஷாம்பு போட்டுக் குளித்துக் காய்ந்த முடியோடு போங்கள். எண்ணெய் இருந்தால் உணரி ஒட்டாது, திரையில் ஓடுவது உங்கள் மூளை அலையா வெறும் இரைச்சலா என்று யாருக்கும் தெரியாது.

இதே துறையிலிருந்து காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று எனக்குப் பிடித்தமானது. அமெரிக்காவின் டல்சாவில் கிம்பர்லி யங் குழுவினர், மனச்சோர்வு உள்ளவர்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, மகிழ்ச்சியான நினைவுகளை எண்ணச் சொல்லி, அமிக்டலா என்ற பகுதி எவ்வளவு விழித்தெழுகிறது என்று திரையில் காட்டினார்கள். 2017-ல் வெளியான அந்தச் சோதனையில், சரியான பகுதியைப் பார்த்துப் பயின்றவர்களுக்குச் சோர்வு கணிசமாகக் குறைந்தது. அந்த இயந்திரம் நமக்குக் கிடைக்காது. ஆனால் சோர்வில் இருப்பவர்களுக்கு நினைவுகள் பொத்தாம்பொதுவாகவே வரும் என்பது 1980-களிலிருந்தே தெரிந்த விஷயம். "சின்ன வயசுல லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போவோம்" என்பதோடு நின்றுவிடும். அதைக் குறிப்பாக்கிப் பழகலாம்: எந்த நாள், பாட்டி என்ன புடவை கட்டியிருந்தார், திண்ணையில் வெயில் எதுவரை வந்திருந்தது, யார் என்ன சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். மூச்சுப் பயிற்சி முடிந்ததும் அப்படி ஒரே ஒரு நினைவை நாலு வரி எழுதுங்கள். உடனே சந்தோஷம் வரவேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சில நாள் அழுகைதான் வரும்.

எது வேலை செய்கிறது என்று கருவியைக் கேட்காதீர்கள், உங்களையே கேளுங்கள். பி.ஹெச்.கியூ.-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் தமிழிலும் இருக்கிறது. போன இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். மொத்தம் 27 புள்ளி. 10-ஐத் தொட்டாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஐந்து புள்ளி இறங்கினால் பொருட்படுத்தத் தக்க மாற்றம். காலண்டரில் பயிற்சி செய்த நாளுக்கு ஒரு கோடு, தாள் நிரப்பிய நாளில் ஒரு எண். எட்டு வாரம் கோடுகள் நிறைந்தும் எண் அசையவில்லை என்றால் அந்தக் கருவி உங்களுக்கானது இல்லை, வேறு சிகிச்சை பேச வேண்டிய நேரம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தக் காலண்டர் தாளையே கையோடு கொண்டு போங்கள். "எப்படி இருக்கீங்க?" என்றதும் "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு மாத்திரைச் சீட்டோடு எழுந்து வந்துவிடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, தாளை முதலில் நீட்டிவிட்டுப் பிறகு உட்காருங்கள். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் பூஜ்யத்தைத் தவிர வேறு எதை எழுதினாலும், மொத்தப் புள்ளி குறைவாகவே இருந்தாலும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.